கவர்மெண்ட் பல் ஆஸ்பத்திரியா, பிரைவேட் கிளினிக்கா? ரெண்டு சேர்லயும் வாயைத் தொறந்து பார்த்த ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், ரெண்டுல எது பெஸ்ட்டுன்னு ஒத்த வரில பதில் தேடி வந்தவங்களுக்கு இந்த ரிவ்யூ எரிச்சலா தான் இருக்கும். என் முடிவு இது தான்: என்ன பிரச்சனைன்னு கண்டுபிடிக்கணும்னா, பல்லு புடுங்கணும்னா, வீக்கம் காய்ச்சல்னு அவசரம்னா, குழந்தைங்க பல்லுன்னா கவர்மெண்ட். கடவாப்பல்லுல ரூட் கெனால் (பல்லுக்குள்ள கெட்டுப்போன நரம்பை எடுத்து சுத்தம் பண்ணி அடைக்கிறது), கேப்பு (பல்லு மேல மாட்டுற மூடி), வெள்ளை ஃபில்லிங் மாதிரி பொறுமையா உக்காந்து செய்யவேண்டிய வேலைன்னா பிரைவேட். கட்டடத்தைப் பார்த்து பிரிக்காம வேலையைப் பார்த்து பிரிங்கங்கறேன். ஏன் அப்படின்னு தான் மீதி முழுக்க எழுதியிருக்கேன், கொஞ்சம் நீளம் தான், பல்லு வலியோட படிக்கிறவங்க வீக்கம் பத்தின பாராவுக்கு நேரா கீழ போயிடுங்க.

எங்க வீட்டுல ரெண்டு பக்கமும் கணக்கு இருக்கு. அம்மாவுக்கு பல்லு எடுத்தது, செட்டு கட்டினது எல்லாம் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில. எனக்கு கீழ் கடவாப்பல்லுல ரூட் கெனாலும் கேப்பும் பிரைவேட்ல. அக்கா பையனுக்கு பால்பல்லு பிரச்சனை எல்லாமே கவர்மெண்ட். ஆக ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துட்டு இன்னொரு பக்கத்தை திட்டுற கேஸ் இல்ல நான்.

கவர்மெண்ட் பக்கம் இருந்து ஆரம்பிப்போம். காலைல சீக்கிரம் போய் சீட்டு வாங்கணும், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம் என்னன்னா சீட்டு வாங்கினதும் நேரா வைத்தியம் ஆரம்பிக்காது, முதல்ல ஒரு ரூம்ல பார்த்து எந்தப் பிரிவுக்கு அனுப்பணும்னு எழுதுவாங்க, அப்புறம் எக்ஸ்ரே ரூம், அப்புறம் தான் ஈறுக்கு தனி இடம், அடைக்கிறதுக்கு தனி இடம், புடுங்குறதுக்கு தனி இடம். ஒவ்வொரு வாசல்லயும் ஒரு கூட்டம். அரை நாள் போயிடும், லீவு போட்டுட்டு தான் போகணும், தினக்கூலிக்குப் போறவங்களுக்கு அந்த அரை நாள் தான் உண்மையான ஃபீஸு. இலவசம்னு சொல்றப்போ இதை யாரும் கணக்குல சேக்குறதில்ல.

ஆனா அந்த முதல் ரூம் இருக்கே, அங்க தான் கவர்மெண்டோட பெரிய பலமே இருக்குன்னு நான் நினைக்கிறேன். அம்மாவுக்கு மேல் வரிசைல ஒரு பக்கம் மென்னா வலிக்குதுன்னு ஒரு பிரைவேட் கிளினிக்ல காட்டினோம், நாலு பல்லுக்கு ரூட் கெனால் போட்டு கேப்பு மாட்டணும்னு பிளான் போட்டுக் கொடுத்தாங்க, பேப்பர் எல்லாம் கலர் கலரா அழகா தான் இருந்துச்சு. அதே வாயை அரசு ஆஸ்பத்திரில காட்டினோம். அந்த டாக்டர் மவுத் மிரரோட கைப்பிடியால ஒவ்வொரு பல்லையும் மெதுவா தட்டிட்டே வந்தாங்க, எந்தப் பல்லுல அம்மா முகம் சுளிக்கிறாங்கன்னு பார்த்தாங்க, அப்புறம் பஞ்சுல சில்லுன்னு ஏதோ ஸ்ப்ரே பண்ணி பல்லுல வச்சு "கூசுதா, எடுத்ததும் நிக்குதா, இல்ல அப்படியே வலிச்சுட்டே இருக்கா"ன்னு கேட்டாங்க. கூச்சம் உடனே நின்னா உள்ள நரம்பு பெரும்பாலும் தப்பிச்சுடும், எடுத்த பிறகும் வலி இழுத்துட்டே இருந்தா நரம்பு போயிட்டு இருக்குன்னு அர்த்தம், ஒண்ணுமே தெரியலன்னா அது ஏற்கனவே செத்திருக்கலாம். இது தான் அந்த டெஸ்ட்டு, பஞ்சும் ஸ்ப்ரேயும் தவிர வேற எதுவும் வேணாம். கடைசில எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு "ரெண்டு பல்லுக்கு தான்மா வேலை, ஒண்ணு காப்பாத்த முடியாது, எடுத்துடலாம், இன்னொண்ணு அடைச்சா போதும், மத்த ரெண்டும் இப்போதைக்கு தொடவேணாம், ஆறு மாசம் கழிச்சு பார்ப்போம்"னு சொன்னாங்க. அவங்களுக்கு நாலு பல்லு செஞ்சாலும் அதே சம்பளம், ரெண்டு செஞ்சாலும் அதே சம்பளம். விக்கிறதுக்கு அவங்ககிட்ட ஒண்ணுமே இல்லங்கறது தான் அந்த ஒப்பீனியனுக்கு மதிப்பு.

காலேஜ் ஆஸ்பத்திரின்னா ஸ்டூடண்ட் கையில வாயைக் கொடுக்கணுமேன்னு நிறைய பேருக்கு பயம். நான் பக்கத்துல நின்னு பார்த்ததைச் சொல்றேன். அந்தப் பையன் சொத்தையைச் சுரண்டி எடுத்துட்டு நிறுத்தினான், ஸ்டாஃப் வந்து பார்த்தாங்க, எக்ஸ்ப்ளோரர்ங்கற கூரான கொக்கியால ஒரு மூலைல கீறி "இங்க இன்னும் சாஃப்டா இருக்கு பாரு"ன்னுட்டு போயிட்டாங்க, மறுபடி எடுத்தான், மறுபடி கூப்பிட்டான், இப்போ சரின்னு சொன்ன பிறகு தான் அடைக்க விட்டாங்க. முடிச்சதும் கடிக்க வச்சு கலர் பேப்பர்ல மார்க் பார்த்து உயரத்தைக் குறைச்சான், அதையும் வந்து பார்த்தாங்க. நேரம் ஆச்சு, அம்மாவுக்கு தாடை வலிச்சுது, அது நிஜம். ஆனா ஒரு ஃபில்லிங்குக்கு இத்தனை தடவை இன்னொருத்தர் கண்ணு படுறது எந்த பிரைவேட் கிளினிக்லயும் நடக்காது. அவசரம் இல்லாதவங்களுக்கு காலேஜ் ஆஸ்பத்திரி நல்ல சாய்ஸ்னு தைரியமா சொல்லுவேன்.

இப்போ குறை. ரூட் கெனாலுக்கு தேதி கேட்டா ரொம்ப தள்ளி தான் கிடைக்கும், அதுவரைக்கும் வலிக்கு மாத்திரை. ஒவ்வொரு தடவை போறப்பவும் வேற டாக்டர், முதல்ல இருந்து கதை சொல்லணும். ஒரு நாள் சேர் வேலை செய்யாது, ஒரு நாள் மெட்டீரியல் ஸ்டாக் இல்ல. கேள்வி கேட்டா பதில் வரும், கேக்கலன்னா யாரும் விளக்கமாட்டாங்க, ஏன்னா பின்னாடி கூட்டம் நிக்குது. இதெல்லாம் பொறுத்துக்கலாம். என்னால பொறுத்துக்க முடியாத குறை ஒண்ணு தான், காப்பாத்தக்கூடிய பல்லையும் எடுத்துடலாம்னு சொல்லிடுற பழக்கம். இதுல டாக்டர் மேல மட்டும் பழி போடவும் முடியாது. கீழ் கடவாப்பல்லுன்னா வேருக்குள்ள நரம்பு ஓடுற கால்வாய் வழக்கமா மூணு இருக்கும், மேல் கடவாப்பல்லுல நாலாவது ஒண்ணு ஒளிஞ்சு இருக்கும், அது கண்ணுக்கே சரியா தெரியாது, ஒவ்வொண்ணையும் கண்டுபிடிச்சு, நீளம் அளந்து, ஃபைல்னு ஊசி மாதிரி இருக்குற குட்டி அரத்தைப் போட்டு தேய்ச்சு, மருந்து விட்டு கழுவி, காயவச்சு அடைக்கணும். புடுங்குறதுக்கு ஊசி போட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் போதும். வெளில நூறு பேர் நிக்குறப்போ எந்தப் பக்கம் தராசு சாயும்னு சொல்லணுமா என்ன.

அதுலயும் ரூட் கெனால் வரைக்கும் பண்ணிட்டு கேப்பு எங்க கணக்குல வராது, வெளில போட்டுக்கோங்கன்னு விடுற இடங்கள் உண்டு. ரூட் கெனால் பண்ணின கடவாப்பல்லுல பாதிக்கு மேல ஏற்கனவே சொத்தைல போயிருக்கும், சுத்தி இருக்குற சுவரு மெலிசா நிக்கும், கேப்பு போடாம கடிச்சுட்டே இருந்தா ஒரு நாள் ரெண்டா பிளந்துடும், பிளவு வேர் வரைக்கும் போயிட்டா எடுக்குறதைத் தவிர வழியில்ல. அப்போ அத்தனை நேரம் செலவு பண்ணி செஞ்ச வேலையும் குப்பை. அதனால கவர்மெண்ட்ல ரூட் கெனால் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே "கேப்பு இங்க போடுவீங்களா, எப்போ போடுவீங்க"ன்னு கேட்டுடுங்க.

பிரைவேட் பக்கம் வருவோம். எனக்கு அந்தக் கீழ் கடவாப்பல்லுக்கு செஞ்ச டாக்டரை நான் குறையே சொல்லமாட்டேன். பல்லைச் சுத்தி ஒரு ரப்பர் ஷீட்டை மாட்டினாங்க, ரப்பர் டேம்னு பேரு, அந்த ஒரு பல்லு மட்டும் வெளில தெரியும், எச்சில் உள்ள போகாது, கழுவுற மருந்து தொண்டைக்குள்ள இறங்காது, குட்டி ஃபைல் கை தவறினாலும் வயித்துக்குள்ள போகாது. அதை மாட்டுறது ரூட் கெனாலுக்கு அடிப்படை விதி, ஆனா மாட்டாம செய்ற இடம் ரெண்டு பக்கமும் நிறைய இருக்கு. நீங்க எந்த கிளினிக்கை செலக்ட் பண்றதா இருந்தாலும் கேக்கவேண்டிய முதல் கேள்வி "ரப்பர் டேம் போடுவீங்களா"ங்கறது தான், ஏசி இருக்கா சோஃபா இருக்காங்கறது கிடையாது. டாக்டர் தயங்காம ஆமான்னா உக்காருங்க. "அதெல்லாம் தேவையில்ல சார்"னு சிரிச்சா, நானா இருந்தா எந்திரிச்சு வந்துடுவேன்.

பிரைவேட்ல நீங்க காசு கொடுத்து வாங்குறது நேரம் தான். அதே டாக்டர், சொன்ன நேரத்துக்கு, அவசரமில்லாம, ஃபோன் அடிச்சா எடுக்குற ஆளு. நைட்டு வலி வந்தப்போ மெசேஜ் போட்டேன், பதில் வந்துச்சு, அதுக்கே பாதி வலி போச்சு. கேப்பு மாட்டினதும் ஒரு பக்கம் உயரமா இருக்குன்னு மறுபடி போனேன், கொஞ்சம் தேய்ச்சு விட்டாங்க, அதுக்கு தனியா எதுவும் கேக்கல.

ஆனா இதே பிரைவேட்ல வேற இடங்களும் பார்த்திருக்கேன், அங்க தான் வயித்தெரிச்சல். டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்ப்பாரு, அப்புறம் ஒரு டேபிளுக்கு அனுப்புவாங்க, அங்க உக்காந்திருக்குறவங்க டாக்டர் கிடையாது, அவங்க தான் பேக்கேஜ் பேசுவாங்க. இன்னைக்கே புக் பண்ணா டிஸ்கவுண்ட்டு, நாளைக்குன்னா கிடையாது, ஈஎம்ஐ வசதி உண்டு. பல்லு என்ன பொங்கல் சேல்ஸா, நாளைக்கு முடிஞ்சு போறதுக்கு? வீக்கமோ வலியோ இல்லாத எந்த பல் வேலையும் ஒரு வாரம் யோசிச்சு செய்யலாம். இன்னைக்கே முடிவு பண்ணுங்கன்னு தள்ளுற இடத்துல வாய் தொறக்காம வெளில வந்துடுறது நல்லது.

இன்னொரு டெக்னிக் இருக்கு, வாய்க்குள்ள சின்ன கேமரா விட்டு டிவில காட்டுறது. பல்லு மேல இருக்குற பள்ளத்துல படிஞ்ச பழுப்புக் கறை கூட அந்த ஸ்கிரீன்ல குகை மாதிரி தெரியும், பார்த்ததும் நமக்கு பக்குனு ஆகிடும். கறை வேற, சொத்தை வேற. பள்ளத்துல கருப்பா கோடு இருந்து அது கெட்டியா இருந்தா, வருஷக்கணக்கா அப்படியே இருக்கலாம். எனாமல், அதாவது பல்லோட வெளி ஓடு மட்டும் லேசா அரிச்சு வெள்ளைப் புள்ளியா இருக்குற ஆரம்ப நிலையை ஃப்ளூரைடு வச்சே நிறுத்த முடியும், டிரில் பண்ணவே வேணாம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல வர்ற சொத்தை தான் கேமராவுல தெரியாது, அதுக்கு கடிச்சுப் பிடிச்சு எடுக்குற பைட்விங் எக்ஸ்ரே வேணும். ஆக, ஸ்கிரீன்ல ஃபோட்டோ மட்டும் காட்டி எட்டு ஃபில்லிங் சொல்றாங்கன்னா "எக்ஸ்ரேல எது எது தெரியுது காட்டுங்க, எது எனாமலைத் தாண்டி உள்ள போயிருக்கு"ன்னு கேளுங்க. இந்தக் கேள்வியைக் கேட்டதும் எட்டு மூணா குறைஞ்சதை என் ஃபிரெண்டு விஷயத்துல நேர்ல பார்த்தேன்.

ஏன் ஒரு பக்கம் கம்மியா செய்யுது, இன்னொரு பக்கம் அதிகமா செய்யுதுன்னு யோசிச்சா டாக்டருக்கு எப்படி காசு போகுதுங்கறதுல தான் வந்து நிக்கும், நல்லவங்க கெட்டவங்கங்கறதுல கிடையாது. செய்ற ஒவ்வொரு வேலைக்கும் காசுன்னா கை தானா வேலையைத் தேடும். மாசச் சம்பளம்னா கை தானா வரிசையைக் குறைக்கப் பார்க்கும். இதுக்கு இங்கிலாந்து நல்ல உதாரணம். அங்க என்எச்எஸ்னு அரசு சுகாதார சேவை 1948ல ஆரம்பிச்சப்போ பல் வைத்தியமும் ஃப்ரீ, ஜனங்க அள்ளிக்கிட்டு வந்தாங்க, செலவு தாங்காம 1951லயே பல் செட்டுக்கு காசு வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் 2006ல ஒரு புது கான்ட்ராக்ட் போட்டாங்க, அதுல ஒரு ஃபில்லிங் பண்ணாலும் ஆறு ஃபில்லிங் பண்ணாலும் டாக்டருக்கு ஒரே பாயிண்ட்டு, ரூட் கெனாலுக்கும் அதே, அந்த பாயிண்ட்டை வச்சு தான் காசு. யோசிச்சுப் பாருங்க, வாய் முழுக்க சொத்தையோட வர்றவரைப் பார்த்தா அந்த டாக்டருக்கு நஷ்டம். அப்போ யாருக்கு ரொம்ப வைத்தியம் தேவையோ அவங்களுக்கு தான் இடம் கிடைக்காது. 2022 கடைசில தான் மூணு பல்லு, இல்ல அதுக்கு மேல ஃபில்லிங், கடவாப்பல்லு ரூட் கெனாலுக்கெல்லாம் பாயிண்ட்டை ஏத்தினாங்க. அரசு காசு கொடுத்தா மட்டும் போதாது, எப்படி கொடுக்குதுங்கறதும் நம்ம பல்லை முடிவு பண்ணுது.

ஜெர்மனில வேற மாதிரி யோசிச்சிருக்காங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச ஐடியா இது. ஒரு சின்ன புக்கு கொடுப்பாங்க, வருஷா வருஷம் பல்லைக் காட்டி அதுல முத்திரை வாங்கணும். கேப்பு, பிரிட்ஜ், செட்டுன்னு வர்றப்போ ஸ்டாண்டர்டு வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ் 60 சதவீதம் கொடுக்கும், அஞ்சு வருஷம் விடாம காட்டியிருந்தா 70, பத்து வருஷம்னா 75. ஒழுங்கா போய்க் காட்டுறவங்களுக்கு பரிசு. கனடால கதை நேரெதிர், மத்த வைத்தியம் எல்லாம் அரசு பார்த்துக்கும், பல்லை மட்டும் ரொம்ப காலம் வெளில விட்டுட்டாங்க, 2023 டிசம்பர்ல தான் இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்குன்னு ஒரு தேசிய திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பிச்சாங்க. ஆஸ்திரேலியாலயும் மெடிகேர்ங்கற அரசு இன்சூரன்ஸ்ல பெரியவங்களுக்கு பெரும்பாலான பல் வைத்தியம் கிடையாது. பல்லு ஏதோ உடம்புல சேராத ஐட்டம் மாதிரி தான் பாதி நாடுகள் நடத்துது, உலக சுகாதார நிறுவனம் 2022ல கொடுத்த அறிக்கைல வாய் நோய் இருக்குறவங்க கிட்டத்தட்ட 350 கோடி பேர்னு இருக்கு.

மெட்டீரியல் பத்தி சண்டை நிறைய நடக்குது, அதையும் பேசிடலாம். கவர்மெண்ட்ல கருப்பா சில்வர் ஃபில்லிங் போட்டுட்டாங்க, பிரைவேட்ல பல்லு கலர்லயே போடுறாங்கன்னு. அந்த சில்வர்ல பாதி பாதரசம் தான், அது உண்மை, அதனால சுற்றுச்சூழல் காரணத்துக்காக 2013ல பாதரசத்தைக் கட்டுப்படுத்துற மினமாட்டா சர்வதேச ஒப்பந்தத்துல அதைக் குறைக்கணும்னு முடிவு பண்ணாங்க, ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜனவரி 1ல இருந்து ரொம்ப தவிர்க்க முடியாத கேஸ் தவிர தடை. ஆனா ஏற்கனவே வாயில இருக்குறது நல்லா நிக்குதுன்னா பயந்துபோய் தோண்டி எடுக்கவேணாம், எடுக்குறப்போ தான் ஆவி அதிகமா வரும், நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். வெள்ளை கம்போசிட் அழகு தான், ஆனா அது ரொம்ப நொச்சு பிடிச்ச மெட்டீரியல், ஒட்டுற இடம் சுத்தமா காஞ்சு இருக்கணும், கொஞ்சம் கொஞ்சமா வச்சு நீல லைட்டு அடிச்சு இறுக்கணும், எச்சில் பட்டா ஓரத்துல விட்டுடும், அந்த ஓரத்துலயே திரும்ப சொத்தை வரும். அவசர அவசரமா போட்ட வெள்ளையை விட நிதானமா போட்ட கருப்பு ரொம்ப வருஷம் நிக்கும். கிளாஸ் அயனோமர்னு ஒண்ணு இருக்கு, கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும், ஃப்ளூரைடும் விடும், 2021ல உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க, கவர்மெண்ட்ல அதைப் போட்டா மட்டமான சிமெண்ட்டைப் பூசிட்டாங்கன்னு நினைக்காதீங்க, கடிக்கிற அழுத்தம் ரொம்ப வராத இடத்துக்கு நல்லாவே நிக்கும்.

குழந்தைங்க விஷயத்துல கவர்மெண்ட்டுக்கு தான் என் ஓட்டு, இதுல ரெண்டாவது யோசனையே இல்ல. அக்கா பையனுக்கு பல்லுல ஃப்ளூரைடு வார்னிஷ் தடவினாங்க, புதுசா முளைச்ச கடவாப்பல்லு பள்ளத்தை சீலண்ட் வச்சு மூடினாங்க, சொத்தையான ஒரு பால்பல்லுல சில்வர் டயமைன் ஃப்ளூரைடுன்னு ஒரு சொட்டு மருந்து வச்சாங்க, ஊசி இல்ல, டிரில் இல்ல, பையன் அழவே இல்ல. அந்த இடம் மட்டும் கன்னங்கரேல்னு ஆகிடும், அக்காவுக்கு அது பிடிக்கல, ஃபோட்டோல நல்லாருக்காதுன்னு ஒரே புலம்பல், ஆனா சொத்தை அங்கயே நின்னுடுச்சு. இந்த மாதிரி வேலைல பெருசா லாபம் இல்ல, அதனால பல பிரைவேட் இடங்கள்ல யாரும் இதைப் பத்தி வாயே தொறக்கமாட்டாங்க.

சரி, வீக்கம். கன்னம் வீங்கி, காய்ச்சல் அடிச்சு, வாயைத் தொறக்க முடியல, முழுங்க கஷ்டமா இருக்கு, வீக்கம் கண்ணுக்குப் பக்கத்துலயோ தாடைக்குக் கீழ கழுத்துப் பக்கமோ எறங்குதுன்னா கிளினிக்குக்கு அப்பாயிண்ட்மெண்ட் போடாதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி, அங்க வாய் முக அறுவை டாக்டர் இருப்பாங்க, மூச்சுக் குழாயை அடைக்குற அளவுக்குப் போனாலும் சமாளிக்க ஆளும் மெஷினும் இருக்கும். மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டு ரெண்டு நாள் தள்ளாதீங்க, சீழ் வெளில வர வழி பண்ணி, காரணமான பல்லை எடுக்கணும் இல்ல உள்ள சுத்தம் பண்ணணும், அது இல்லாம மாத்திரை மட்டும் வேலைக்கு ஆகாது. வீக்கமே இல்லாம வெறும் பல்லு வலின்னா ஆன்டிபயாட்டிக்கால ஒரு பிரயோஜனமும் இல்ல. ஞானப்பல்லு எடுக்குறதும் அறுவைப் பிரிவு இருக்குற கவர்மெண்ட்ல நல்லா செய்றாங்க, தினமும் எத்தனையோ எடுக்குற கை அது. பிரைவேட்ல "இப்போ வலி இல்ல, ஆனா பின்னாடி தொந்தரவு கொடுக்கும், நாலையும் எடுத்துடலாம்"னா கொஞ்சம் நில்லுங்க, நோய் எதுவும் இல்லாத ஞானப்பல்லை சும்மா எடுக்கவேணாம்னு இங்கிலாந்துல எந்த வைத்தியம் எப்போ தேவைன்னு சொல்ற நைஸ் அமைப்பு 2000லயே வழிகாட்டி போட்டிருக்கு. அதே அமைப்பு தான் 2004ல எல்லாருக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு செக்கப்புன்னு கண்ணை மூடிட்டு சொல்லாதீங்க, ஆளைப் பொறுத்து மூணு மாசத்துல இருந்து, பெரியவங்களுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் போகலாம்னும் சொல்லுச்சு. சுகர் இருக்குறவங்க, ஈறுல ரத்தம் வர்றவங்க, புகையிலை பழக்கம் இருக்குறவங்க அடிக்கடி போகணும், சுத்தமான வாய்க்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா கிளீனிங் பேக்கேஜ் தேவையே இல்ல.

இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்புல திருகு வச்சு மேல பல்லு மாட்டுறது, அது பத்தி சுருக்கமா. பெரும்பாலும் அரசு செலவுல கிடைக்காது, விபத்து, கேன்சர் மாதிரி கேஸுக்கு தான் யோசிப்பாங்க. 1965ல ஸ்வீடன்ல பிரோனமார்க்ங்கற டாக்டர் முதல் மனுஷனுக்கு டைட்டானியம் திருகை தாடைல வச்சதுல இருந்து இது நிரூபிச்ச வைத்தியம் தான், ஆனா வாங்குறது ஒரு நாள் சரக்கு கிடையாது, ஆயுசு முழுக்க மெயின்டெய்ன் பண்ணணும். எந்த கம்பெனி, எந்த மாடல், என்ன சைஸ்னு ஒட்டின ஸ்டிக்கரோட கார்டு வாங்கி வச்சுக்கோங்க, நாளைக்கு திருகு லூஸ் ஆச்சுன்னா இன்னொரு டாக்டருக்கு அது இல்லாம எந்த ஸ்க்ரூடிரைவர் போடணும்னே தெரியாது. மொத்தக் காசையும் முன்னாடியே கட்டாதீங்க, வேலை ஆக ஆக கட்டுங்க. பாதி வேலைல கிளினிக்கை மூடிட்டுப் போன கேஸ் எங்க ஆபீஸ்லயே ஒருத்தருக்கு நடந்துச்சு, கிளிப்பு மாட்டின பல்லோட அவர் ஒவ்வொரு டாக்டரா ஏறி இறங்குனாரு, இன்னொருத்தர் ஆரம்பிச்சதை எடுத்து முடிக்க யாரும் லேசுல ஒத்துக்கமாட்டாங்க.

அம்மாவோட பல் செட்டு பத்தி கேப்பீங்க. கவர்மெண்ட்ல கட்டினது. அச்சு எடுக்க, மெழுகுல கடி பார்க்க, பல்லு அடுக்கி முகத்துல வச்சுப் பார்க்கன்னு பல தடவை வரச் சொன்னாங்க, அலைச்சல் தான், ஆனா அந்த ஸ்டெப்பை எல்லாம் தாண்டி சட்டுன்னு கொடுக்குற செட்டு தான் வாயில ஆடும். புதுசு மாட்டினதும் ஈறுல புண்ணாச்சு, அம்மா கழட்டி டப்பால போட்டுட்டாங்க. அப்படி விட்டுடக் கூடாது, எங்க குத்துதோ அங்க தேய்ச்சு விடுறதுக்குன்னு தான் மறுபடி வரச் சொல்றாங்க, வர்றதுக்கு முந்தின நாள் மாட்டிக்கிட்டு போனா தான் எங்க குத்துதுன்னு ஈறுல தழும்பு தெரியும், இதை அங்க இருந்த நர்ஸம்மா சொன்னாங்க. இப்போ சாப்பிடுறப்போ போட்டுக்குறாங்க, ஃபோன்ல பேசுறப்போ கழட்டிடுறாங்க, அது அவங்க இஷ்டம்.

நான் இப்போ யாராவது கேட்டா சொல்றது இது தான். முதல்ல அரசு ஆஸ்பத்திரிலயோ காலேஜ்லயோ போய் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க, எக்ஸ்ரேயை கையோட வாங்கிக்கோங்க, இல்ல ஃபோன்ல ஃபோட்டோவாவது எடுத்துக்கோங்க, அது உங்க சொத்து. அங்கேயே முடியுற வேலையா இருந்தா அங்கேயே முடிங்க. பல்லைக் காப்பாத்தலாம் ஆனா எங்களுக்கு நேரம் இல்லன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேசினா, அந்த ஒரு பல்லுக்கு மட்டும் பிரைவேட் போங்க, போறப்போ "இந்தப் பல்லுக்கு இந்த வேலை"ன்னு சொல்லிட்டு உள்ள நுழைங்க, வாய் முழுக்க என்ன இருக்குன்னு பாருங்கன்னு சொல்லாதீங்க. எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க, அதுல கேப்பு சேர்ந்திருக்கா, எந்த மெட்டீரியல் கேப்பு, உடைஞ்சா எத்தனை நாள் வரைக்கும் மாத்தித் தருவாங்கன்னு இருக்கணும். ஸ்டார் கேட்டா கண்டுபிடிக்கிறதுல கவர்மெண்டுக்கு அஞ்சுக்கு நாலரை, காத்திருக்குறதுல ஒண்ணு. பிரைவேட்டுக்கு வேலைல நாலு, நேர்மைக்கு கிளினிக்கைப் பொறுத்து ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எதுவேணா போடலாம்.

கடைசியா ஒண்ணு, பல இடத்துல காலைல அரசு ஆஸ்பத்திரில பார்க்குற அதே டாக்டர் தான் சாயங்காலம் சொந்த கிளினிக் நடத்துறாங்க. அவங்களே உங்ககிட்ட "சாயங்காலம் கிளினிக்குக்கு வாங்களேன்"னு சொன்னா உடனே தப்பா நினைக்கவும் வேணாம், உடனே தலையாட்டவும் வேணாம். "இங்க ஏன் முடியாது டாக்டர்"னு மட்டும் கேளுங்க. தேதி ரெண்டு மாசம் தள்ளி இருக்கு, இல்ல இந்த ஃபைல் ஸ்டாக் இல்லன்னு காரணம் சொன்னா நியாயம், போறதா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணிக்கலாம். "அங்கன்னா நல்லா பண்ணித் தர்றேன்"னு சொன்னாங்கன்னா சீட்டை எடுத்துக்கிட்டு பக்கத்து ரூம் டாக்டர்கிட்ட காட்டுங்க.